ஆலம்பாடி மாடு அழிஞ்சு போச்சா, பேரு மாறிப் போச்சா? பென்னாகரம் காளை ஒண்ணை வெச்சு ஒரு கேஸ் ஸ்டடி

கேஸ் சுருக்கமா இதுதான். தருமபுரி மாவட்டம் பென்னாகரம் தாலுகால காட்டோரமா ஒரு ஊரு, அங்க பொறந்த ஒரு காளைக்கன்னு, இப்ப நாலு பல்லு போட்டிருக்குது, அதாவது இன்னும் இளங்காளைதான். பொறந்த வீட்ல அதுக்கு பேரு மலைமாடு. காதுல மஞ்சள் டேக் அடிக்க வந்தவங்க 12 நம்பரோட சேத்து எழுதிட்டுப் போனது நான்-டிஸ்கிரிப்ட், அதாவது எந்த இனமும் இல்லாத மாடு. சந்தைல தரகர் வாயில அதே காளை ஹள்ளிக்கார், அதாவது கர்நாடகா இனம். போட்டோ எடுத்து வாட்ஸப்ல போட்ட காலேஜ் பசங்களுக்கு அது "அழிவின் விளிம்பில் ஆலம்பாடி". இதுல யாரும் பொய் சொல்லல, அதுதான் இந்த கேஸ்ல விஷயமே. அவங்கவங்க எதுக்காக அந்த மாட்டைப் பாக்கறாங்களோ அதுக்கு ஏத்த பேர வெச்சிருக்காங்க, இனம்னு நாம சொல்றது எப்பவுமே இப்படித்தான் நடந்திருக்குதுன்னு நான் சொல்ல வர்றேன், அதுக்கு ஆலம்பாடிய விட நல்ல உதாரணம் நம்ம பக்கம் கிடையாது.

முதல்ல ஆலம்பாடி எங்க இருக்குது? நெறய பேர் தருமபுரி மாவட்டத்துல ஒரு ஊருன்னு நெனச்சிட்டு இருக்காங்க. ஒகேனக்கல்ல நின்னு காவேரிக்கு அந்தாண்ட பாத்தா கர்நாடகா, அந்தக் கரையோரம் மாதேஸ்வரன் மலைக்குக் கீழ கோபிநத்தம் பக்கமா இருக்கற ஊருதான் ஆலம்பாடி. அந்த கொள்ளேகால் தாலுகா முழுக்க 1956 வரைக்கும் மெட்ராஸ் மாகாணத்துல கோயம்புத்தூர் ஜில்லா, மொழிவாரி மாநிலம் பிரிச்சப்ப மைசூருக்குப் போயிடுச்சு. இந்தாண்ட பக்கம் சேலம் ஜில்லா, அதுல இருந்து தருமபுரி 1965-ல பிரிஞ்சது, தருமபுரில இருந்து கிருஷ்ணகிரி 2004-ல பிரிஞ்சது. பழைய காலத்து எழுத்துல இந்த மாட்டுக்கு ஆலம்பாடி, மாதேஸ்வரபெட்டா, சேலம், காவேரின்னு பல பேர் ஓடும். மாடு ஆத்துக்கு ரெண்டு பக்கமும் மேஞ்சிட்டே இருந்துச்சு, கோடு மட்டும் மாறிட்டே இருந்துச்சு. பேர் வெச்ச ஊரு இன்னிக்கு ஒரு மாநிலத்துல, "இது எங்க இனம்"னு சொல்லிக்கிற ஆளுங்க வேற மாநிலத்துல.

இதே மாதிரி இன்னொரு குழப்பமும் நம்ம மாவட்டத்துல இருக்குது, சொல்லாம போனா மனசு கேக்காது. பர்கூர் மாடுன்னு சொன்னா கிருஷ்ணகிரி பர்கூர்னு நெனச்சு சென்னை பெங்களூர் ரோட்ல எறங்கி மாடு தேடறவங்க இருக்காங்க. அந்த மாடு ஈரோடு மாவட்டம் அந்தியூர் தாலுகா பர்கூர் மலையோடது, செவலைல வெள்ளை வெள்ளையா திட்டு இருக்கும், ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைல பாக்கலாம். நம்ம பர்கூர்ல கிரானைட் கெடைக்கும், சிப்காட் இருக்குது, அந்த செவலை மாட்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

காங்கேயம், பர்கூர், உம்பளச்சேரி, புலிக்குளம், ஆலம்பாடி, எல்லாமே ஊர் பேருங்க, கவனிச்சுப் பாருங்க. மாடு வளத்தவன் வெச்ச பேரு இல்ல இது, வாங்க வந்தவன் வெச்ச பேரு. காட்டுல பட்டி போட்டு மாடு வளக்கற பட்டிக்காரனுக்கு அவன் மாடு மயிலை (சாம்பல் நிறம்), காரி (கருப்பு), சட்டிக்கொம்பு, கெழவியோட மக, அவ்வளவுதான், நூறு மாடு இருந்தாலும் ஒவ்வொண்ணுக்கும் தாய் யாருன்னு தெரியும், மொத்தமா ஒரு இனப்பேரு அவனுக்குத் தேவைப்படல. சமவெளில உழவுக்கும், கிணத்துல எருது பூட்டி தண்ணி எறைக்கற கவலைக்கும் எருது தேவைப்பட்ட விவசாயிதான் "ஆலம்பாடி பக்கத்துக் கன்னு நல்லா இருக்கும், பட்டினி தாங்கும், கல்லு பூமில குளம்பு தேயாது"ன்னு தேடிப் போனான். காட்டுப்பட்டில பசு நிக்கும், காளைக்கன்னு சின்னதுலயே கீழ எறங்கிடும், வாங்குனவன் வளத்து காயடிச்சு பழக்கி நல்ல விலைக்கு வேற ஊருக்குக் கொடுப்பான். அந்த வியாபாரம் இருந்த வரைக்கும் ஆலம்பாடிங்கற பேருக்கு காசு இருந்துச்சு, அதனால பேரும் இருந்துச்சு.

வெள்ளைக்காரன் எழுதி வெச்சதும் இந்த சந்தைப் பேரைத்தான். 1909-ல கன் (Gunn) அப்படின்னு ஒருத்தர் தென்னிந்திய மாடுகளைப் பத்தி எழுதினாரு, 1936-ல லிட்டில்வுட் எழுதினாரு, இந்த லிட்டில்வுட் நம்ம ஓசூர் பண்ணையோட சம்பந்தப்பட்டவர். ஓசூர் மத்திகிரி பண்ணை கதையே ஒரு தனி கதை, 1824-ல கிழக்கிந்தியக் கம்பெனி பட்டாளத்துக்கு குதிரை தயார் பண்ற எடமா ஆரம்பிச்சது, நூறு வருஷம் கழிச்சு வேளாண்மைத் துறைக்கு வந்து மாட்டுப் பண்ணையா ஆச்சு, அங்க சிந்து தேசத்து செவப்பு சிந்தி மாட்டையும் கொண்டு வந்து வளத்தாங்க. இன்னிக்கு நம்ம ஊர் பெருசுங்க கலப்பின மாடு எதைப் பாத்தாலும் "சிந்து மாடு"ங்கறாங்க, அது ஜெர்சியா இருந்தாலும் சரி, எச்.எஃப்ங்கற கருப்பு வெள்ளை சீமை மாடா இருந்தாலும் சரி.

அப்புறம் 1953-ல ஐ.நா.வோட உணவு விவசாய அமைப்பு சார்புல ஜோஷியும் பிலிப்ஸும் இந்தியா பாகிஸ்தான் மாடுகளை எல்லாம் ஆறு கூட்டமா பிரிச்சாங்க. மைசூர் வகைன்னு ஒரு கூட்டம், அதுல அமிர்த மகால், ஹள்ளிக்கார், கில்லாரி, காங்கேயம், பர்கூர், ஆலம்பாடி எல்லாம் வரும். ஆக உலக அளவுல ஒரு லிஸ்ட்ல ஆலம்பாடி இனம்னு ஏறியாச்சு. ஆனா கர்னால்ல இருக்கற தேசிய விலங்கு மரபணு வளப் பணியகம் இன பதிவுன்னு ஒண்ணு நடத்துது இல்லையா, அந்த மாட்டு லிஸ்ட் 53 இனமா வளந்த சமயத்துல கூட காங்கேயம், உம்பளச்சேரி, பர்கூர், புலிக்குளம்னு தமிழ்நாட்டு பேருங்க இருந்துச்சு, ஆலம்பாடி இல்ல. ஜல்லிக்கட்டு போராட்ட போஸ்டர்ல அஞ்சு இனம், பதிவு லிஸ்ட்ல நாலு. டேக் அடிக்க வந்தவர் நான்-டிஸ்கிரிப்ட்னு எழுதுனது ஏன்னு இப்ப புரியும், லிஸ்ட்ல இல்லாத பேர அவர் எங்க போய் எழுதுவாரு.

சரி, ஹள்ளிக்கார்னு தரகர் சொன்னதுக்கு வருவோம். இதுக்கு கொஞ்சம் பின்னாடி போகணும். மைசூர் ராஜாக்கள்ல சிக்கதேவராஜ உடையார் காலத்துல அரண்மனை மாட்டுக்கு பென்னே சாவடின்னு ஒரு டிபார்ட்மென்ட், வெண்ணெய்க்கும் பாலுக்கும் வெச்சது. ஹைதரும் திப்புவும் அதை பீரங்கி இழுக்கவும் பட்டாளச் சாமான் தூக்கவும் மாத்திட்டாங்க, திப்பு அதுக்கு அமிர்த மகால்னு பேர் மாத்துனாரு. அதுக்குள்ள ஹள்ளிக்கார், ஹாகல்வாடி, சித்ரதுர்கா பக்கத்து மாடுங்கன்னு வேற வேற கூட்டம் கலந்திருந்துச்சு. 1799-ல திப்பு போனதும் மந்தை பிரிட்டிஷ் கைக்கு வந்துச்சு, 1860-ல செலவு ஜாஸ்தின்னு வித்துத் தொலைச்சாங்க, அதுல ஒரு பங்கு எகிப்துக்குப் போச்சு, அப்புறம் பட்டாளத்துக்கு எருது கெடைக்கலன்னு தெரிஞ்சதும் 1866-ல திரும்ப சேக்க ஆரம்பிச்சாங்க. இன்னிக்கு அமிர்த மகால்ங்கறது பதிவு பெற்ற தனி இனம். ஒரு ஆபீஸ் பேரு இனத்தோட பேரா ஆயிடுச்சு பாருங்க! ஆபீஸ் இருந்துச்சு, சம்பளம் வாங்கற ஆள் இருந்தாங்க, புக் எழுதுனாங்க, வெளிக்காளை சேக்காம பாத்துக்கிட்டாங்க, நூறு வருஷத்துல இனம் ரெடி. ஆலம்பாடிக்கு அப்படி ஒரு ஆபீஸ் அந்தக் காலத்துல இல்ல. பாரமகால், அதாவது நம்ம தருமபுரி கிருஷ்ணகிரி பக்கம், 1792-லயே திப்பு கிட்ட இருந்து கம்பெனிக்கு வந்துடுச்சு, கம்பெனி அதிகாரிங்க ரீடும் மன்றோவும் நிலத்தை அளந்தாங்க, வரி போட்டாங்க, மாட்டுப் பட்டிக்கு யாரும் சம்பளம் கொடுக்கல.

சந்தைல நடந்தத நான் கூட இருந்து பாத்தேன், அதைக் கொஞ்சம் நிதானமா எழுதறேன். காரிமங்கலம் சந்தை, வெயில் ஏறாத நேரம். பட்டிக்காரரு காளைய கயித்துல பிடிச்சிட்டு நிக்கறாரு, தரகர் வந்து மாட்டை ஒரு சுத்து சுத்தி வந்தாரு. முதல்ல கீழ்த்தாடைய பிடிச்சு பல்லு பாத்தாரு, அப்புறம் நெத்திச் சுழி, முதுகுச் சுழி, வாலை முறுக்கி விட்டு பின்னங்காலை எப்படி எடுத்து வெக்குதுன்னு பாத்தாரு. கொம்பு ரெண்டும் நெத்தி உச்சில ஒட்டின மாதிரி கெளம்பி பின்னால சாஞ்சு போகுது, கழுத்தும் திமிலும் கருமயிலை, நெத்தில காசு அளவு வெள்ளை, நாலு காலும் குளம்புக்கு மேல லேசா வெளுப்பு. 

"என்ன மாடுங்ணா இது?"ன்னு வாங்க வந்த கிருஷ்ணகிரி பையன் கேட்டான். 

"ஹள்ளிக்கார் தம்பி, பாத்தா தெரியல? கொம்பப் பாரு." 

பட்டிக்காரரு வாயத் தொறந்தாரு, "நம்ம மலைமாடுதான் சாமி..."னு ஆரம்பிச்சாரு, தரகர் திரும்பிக்கூட பாக்காம "பெரிப்பா, நீங்க சும்மா இருங்க, உங்களுக்குத்தான் விலை பேசிட்டு இருக்கேன்"னாரு. அப்புறம் துண்டுக்குள்ள கை போயிடுச்சு, வெரலப் பிடிச்சுப் பேசற பேச்சு நமக்குத் தெரியாது, ஆனா பேரு மாறினதும் வெரலும் மாறிச்சுன்னு மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சது.

தரகர் மேல தப்பு சொல்ல முடியல. அந்தப் பையன் வாங்கறது எருது விடற விழாவுக்கு. கிருஷ்ணகிரி பக்கம் பொங்கல் முடிஞ்சா ஊருக்கு ஊரு எருது விடறதுதான், கொம்புல பரிசுத் தட்டி கட்டி தெருவுல விடுவாங்க. அங்க ஓடற காளைக்கு மவுசு, கர்நாடகாவுல இருந்து எறக்கற ஹள்ளிக்காருக்கு இன்னும் மவுசு. 2021-ல பெங்களூர் கிருஷி மேளாங்கற விவசாயக் கண்காட்சில கிருஷ்ணான்னு ஒரு ஹள்ளிக்கார் காளை 1 கோடின்னு செய்தி ஓடுச்சு, அது கை மாறுன பணமா வாய் விலையாங்கறது வேற விஷயம், ஆனா அந்த செய்திக்கு அப்புறம் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் நிக்கற மலைமாடு பாதி ஹள்ளிக்கார் ஆயிடுச்சு. மாட்டுக்கு ஒண்ணும் ஆகல, வாங்கறவன் மாறினான்.

இப்ப கேள்வி, தரகர் பாத்த அந்த அடையாளம் வெச்சு அது ஆலம்பாடியா ஹள்ளிக்காரான்னு பிரிக்க முடியுமா? எனக்குத் தெரிஞ்சு அந்த ஒரு மாட்டை மட்டும் நிறுத்தி வெச்சு முடியாது. பழைய எழுத்துல ஆலம்பாடிக்கு சொல்ற கருமயிலை நிறம், நீட்ட மூஞ்சி, முன்னால தள்ளுன நெத்தி, பின்னால போற கொம்பு, நெத்திலயும் கால்லயும் வெள்ளை, இதுல பாதி ஹள்ளிக்காருக்கும் சொல்றதுதான். ஹள்ளிக்கார் கொம்பு பின்னால போய் திரும்ப முன்னால கூரா வளையும்பாங்க, நாலு பல்லு காளைல அது முழுசா தெரிய நாளாகும். நிறத்தை நம்பவே கூடாது. காங்கேயத்துலயே எல்லாருக்கும் தெரியும், கன்னு செவலையா பொறந்து ஆறு மாசத்துல மயிலை ஆகும், காளை முத்த முத்த திமிலும் கழுத்தும் கருக்கும், காயடிச்சா வெளுத்துடும். நம்ம மலைமாட்டுலயும் ஒரே தாய்க்குப் பொறந்தது ஒண்ணு காரி ஒண்ணு மயிலைன்னு நிக்குது. இன்னிக்கு பசங்க "நல்லா கருப்பா இருந்தா ஆலம்பாடி"ன்னு போட்டோ பாத்து முடிவு பண்றது எனக்கு ரொம்ப பயமா இருக்குது, அடுத்து ஏன்னு சொல்றேன்.

இனம் மாற எவ்வளவு நாள் ஆகும்னு கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு பசுவுக்கு வேற இனத்துக் காளை சேத்தா கன்னு பாதிக்குப் பாதி. அந்தக் கெடேரிக்கு (பொட்டைக்கன்னு) மறுபடி அதே இனம்னா 75 சதவீதம், அடுத்தது 87.5, நாலாவது தலைமுறைல 93.75, அஞ்சாவதுல 97 பக்கம். ஒரு தலைமுறை நாலஞ்சு வருஷம்னு வெச்சா இருபது இருபத்தஞ்சு வருஷத்துல ஒரு பட்டி முழுக்க வேற இனம் ஆயிடும், பட்டி அதே எடத்துல, ஆளு அதே ஆளு, மாட்டுப் பேரு கூட அதே மலைமாடு! ஆத்துக்கு அந்தாண்ட இருந்து ஹள்ளிக்கார் பொலிகாளை (பசுவுக்கு சேக்கற காளை) வந்து சேந்துட்டே இருந்தா இப்படித்தான் போகும். இதையே திருப்பிப் போட்டா, ஆலம்பாடி காளையோட சினை ஊசி போட்டுட்டே வந்தா சாதாரண நாட்டு மாட்டுல இருந்தும் ஆலம்பாடி வந்துடும். அதுல தப்பில்ல, ஆனா அந்த ஊசி எந்தக் காளையோடதுங்கறதுலதான் எல்லாம் இருக்குது. 1000 பசுவுக்கு 10 காளைதான்னு வெச்சுக்கோங்க, மரபணு கணக்குல நாலு பெருக்கல் 10 பெருக்கல் 1000, அதை 1010-ஆல வகுத்தா 40 பக்கம் வரும். அதாவது ஆயிரத்துப் பத்து மாடு மேஞ்சாலும் உள்ளுக்குள்ள நாப்பது மாட்டுக் கூட்டம் மாதிரிதான் அது நடந்துக்கும், ரத்தம் நெருங்கிடும். அந்தப் பத்துக் காளையையும் கருப்பு நிறத்துக்காக மட்டும் பொறுக்குனா, பட்டினி தாங்கறதும் மலை ஏறறதும் எங்கயோ கழண்டு போயிட்டு போஸ்டர்ல இருக்கற மாடு மட்டும் நமக்குக் கெடைக்கும். பழைய பேர்ல புது இனம்.

அழிஞ்சு போச்சுங்கற பேச்சு எப்ப வந்துச்சுன்னும் பாக்கணும். ஜெர்சி வந்ததால அழிஞ்சதுன்னு ஒரே வரில சொல்லிடறாங்க, பாதிதான் சரி. கவலை ஏத்தத்துக்கு பதிலா கரண்ட் மோட்டார் வந்ததும் எருதுக்கு பாதி வேலை போச்சு, டிராக்டர் வந்ததும் மீதி போச்சு, ஜெர்சி அதுக்கப்புறம் காலியா கெடந்த கட்டுத்தறில வந்து நின்னுச்சு. பால் சொசைட்டி வந்த ஊர்ல ரெண்டு லிட்டர் கறக்காத மாட்டை எவன் வெச்சிருப்பான். அதோட வீரப்பன் தேடுதல் நடந்த வருஷங்கள்ல, கோபிநத்தம் ஆலம்பாடி எல்லாம் அதே காடுதானே, உள்ள பட்டி போட்டு தங்கறதுக்கே ஆளுங்க பயந்தாங்க. அப்புறம் 2014-ல காவேரி வடக்கு வன உயிரின சரணாலயம் அறிவிச்சாங்க, 2022-ல ஹைகோர்ட் காட்டுக்குள்ள மேய்ச்சல் கூடாதுன்னு சொல்லி அப்புறம் அதை சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகத்துக்குன்னு சுருக்குச்சு. சுருக்குனாலும் நம்ம பட்டிக்காரங்களுக்கு அது சுருங்கல, அவங்க காடே சரணாலயம்தான்.

2017 ஜனவரி மெரினா ஜல்லிக்கட்டு போராட்டத்துக்கு அப்புறம் காத்து திரும்புச்சு. நாட்டு மாடு, ஏ2 பால்னு எல்லாரும் பேச ஆரம்பிச்சாங்க, தருமபுரிலயே ஒருத்தர் குஜராத்துல இருந்து கிர் மாடு எறக்கி "நாட்டு மாட்டுப் பால்"னு போர்டு வெச்சிருக்காரு. சௌராஷ்டிரா மாடு இங்க நாட்டு மாடு, பென்னாகரத்துல பொறந்தது இனம் தெரியாத மாடு, சிரிக்கறதா அழறதா தெரியல. நல்லதும் நடந்துச்சு, கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் மூலமா தருமபுரி மாவட்டத்துல ஆலம்பாடிக்குன்னே ஆராய்ச்சி மையம் வந்துச்சு. அமிர்த மகாலுக்கு மைசூர் ராஜா கொடுத்த ஆபீஸ், ஆலம்பாடிக்கு முன்னூறு வருஷம் லேட்டா வந்திருக்குது.

அந்த ஆபீஸ் என்ன எழுதுதோ அதுதான் இனி ஆலம்பாடி, அதனால எனக்கு ஒரு ஆசை. மாட்டோட கொம்பையும் நிறத்தையும் அளக்கறதோட நிறுத்தாம தாய் எந்தப் பட்டி, தாயோட தாய் எந்தப் பட்டி, வெளிக்காளை எந்த வருஷம் உள்ள வந்துச்சுன்னு பட்டிக்காரரு வாயில இருந்து எழுதணும். இந்தக் காளைக்கே அவரு பாட்டி வரைக்கும் சொன்னாரு, நடுவுல ஒரு காளை ஆத்துக்கு அந்தாண்ட மாதேஸ்வரன் மலைச் சந்தைல வாங்குனதுன்னும் சொன்னாரு. ரத்தத்தை லேப்ல பாக்கலாம், பாக்கணும், ஆனா இந்த விவரம் இல்லாம லேப் ரிசல்ட் மட்டும் வந்தா அது ஹள்ளிக்காருக்கு சொந்தக்காரன்னு சொல்லும், அது நமக்கு முன்னாடியே தெரியும்.

காளை அன்னிக்கே கிருஷ்ணகிரிக்கு வண்டி ஏறிடுச்சு, விலை நல்ல விலைதான், அவரு பொண்ணுக்கு காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டி இருந்துச்சு. ஆனா அந்தப் பட்டில பொலிகாளைன்னு இருந்தது அது ஒண்ணுதான். அடுத்த வாரமே ஒரு பசு பருவத்துக்கு வந்துச்சு, பக்கத்து மாட்டாஸ்பத்திரிக்குப் போய் மலைமாட்டு ஊசி இருக்குதான்னு கேட்டிருக்காரு, அன்னிக்கு கேன்ல இருந்தது ஜெர்சி கலப்புதான், அதைப் போடறதா வேணாமான்னு எனக்கு போன் பண்ணாரு. மையத்துல கேட்டு சொல்றேன் பெரிப்பா, இந்தப் பருவம் போனா போகட்டும், 21 நாள் கழிச்சு மறுபடி வரும்ல, அதுவரைக்கும் பொறுங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன்.